ஆன்லைனில் எடை குறைப்புச் சிகிச்சை: சேர்வதற்கு முன் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் மெடிக்கல் ஷாப் நடத்தும் மருந்தாளுநர் நான். கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டி, "அக்கா, இந்த ஆப்ல சேரலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். ஆண்களில் 37 சதவீதம். ஆகவே கேட்பவர்கள் கூடிக்கொண்டேதான் போவார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. சீட்டைச் சரிபார்த்து மருந்தைக் கொடுப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆன்லைன் எடை குறைப்புத் திட்டம்னா என்னக்கா? டாக்டர் பார்ப்பாங்களா, இல்ல டயட் சார்ட் மட்டும்தானா?

ஒரே பெயரில் மூன்று விதமான சேவைகள் விற்கப்படுகின்றன. முதலாவதில் 'கோச்' ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, தினமும் சாப்பாட்டுப் படம் கேட்பார். அவருக்கு மருத்துவப் படிப்பு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல சமயம் ஏதாவது ஒரு பவுடர் டப்பாவும் கூடவே வரும். இரண்டாவதில் உணவியல் படித்தவர் இருப்பார். மூன்றாவதில் மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, தேவையென்றால் மருந்தும் எழுதுவார்.

வேறு நோய் எதுவும் இல்லாமல் நாலைந்து கிலோ குறைக்க நினைப்பவருக்கு இரண்டாவது வகையே போதும். சுகர், பிரஷர், தைராய்டு என்று ஏதாவது இருந்தால், அல்லது எடை குறைக்கும் ஊசி பற்றி யோசித்தால், மருத்துவர் இல்லாத இடத்தில் சேராதீர்கள்.

போன்ல பார்த்து டாக்டர் மருந்து எழுதினா சட்டப்படி செல்லுமா?

செல்லும். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் வீடியோ, ஆடியோ, எழுத்து வழியாக ஆலோசனை சொல்ல அதில் இடம் உண்டு. முதல் சந்திப்பிலேயே எழுதக்கூடிய மருந்துகளில் ஒரு பட்டியலுக்கு வீடியோ கட்டாயம். போதை மருந்துகளையும் மனமயக்க மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுதவே கூடாது.

அதே நெறிமுறைகளில் நமக்குப் பயன்படும் விதிகள் இன்னும் சில இருக்கின்றன. கணினி தானாக மருந்து எழுதக் கூடாது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், மருத்துவராக முடியாது. நேரில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் தடுக்கக் கூடாது. எழுதிய மருந்தை நீங்கள் விரும்பும் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஒரு நிறுவனம் சீட்டைக் கையில் கொடுக்காமல், "மருந்து எங்களிடமே வரும்" என்று மட்டும் சொன்னால், இந்தக் கடைசி விதியைச் சொல்லிச் சீட்டைக் கேளுங்கள்.

அந்த டாக்டர் நிஜமான டாக்டர்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சீட்டைப் பாருங்கள். மருத்துவரின் முழுப்பெயர், படிப்பு, மாநில மருத்துவ கவுன்சில் பதிவு எண், கையொப்பம், தேதி, உங்கள் பெயர், வயது எல்லாம் இருக்க வேண்டும். சீட்டில் மட்டுமல்ல, இணையதளத்திலும் வாட்ஸ்அப் செய்தியிலும் ரசீதிலும்கூடப் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்பது மேலே சொன்ன நெறிமுறையிலேயே இருக்கிறது. அந்த எண்ணை தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.

ஒரு பெண்மணி கொண்டுவந்த சீட்டை இங்கே சொல்கிறேன். மேலே பெரிய லோகோ, பச்சை நிறத் தலைப்பு, கீழே "எங்கள் மருத்துவக் குழு" என்று ஒரு வரி. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. வயது என்ற இடத்தில் ஒரு கோடு. ஊசியின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்பதே இல்லை. "டாக்டர் உங்ககிட்ட எவ்வளவு நேரம் பேசினார்?" என்று கேட்டேன். ஒரு படிவம் நிரப்பினாராம், அவ்வளவுதான். அந்தச் சீட்டுக்கு நான் மருந்து கொடுக்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு அந்தத் தாளில் பதிலே இல்லை. குழு பொறுப்பேற்காது, ஒரு ஆள்தான் பொறுப்பேற்க முடியும்.

எனக்கு 78 கிலோ. ஊசி போடுற அளவுக்கு நான் குண்டா?

கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமுள்ளவர் 78 கிலோ இருந்தால் பிஎம்ஐ சுமார் 30.5. அதே எடையில் 178 செ.மீ. உயரமுள்ளவருக்கு 24.6.

இந்தியர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருவதால், இங்கே 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். ஆனால் எடை குறைப்பு ஊசிகளைச் சோதித்தபோது வைத்த அளவு வேறு: பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 27க்கு மேல் இருந்து கூடவே பிரஷர், சுகர், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற ஏதாவது ஒரு பிரச்சினை. பருமன் என்று பெயர் வந்தாலே ஊசி என்று அர்த்தமில்லை. பிஎம்ஐ 24 இருப்பவருக்கு ஊசி அனுப்பத் தயாராக இருக்கும் திட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

முதல் தடவை பேசும்போது அவங்க என்னென்ன கேட்கணும்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. நல்ல திட்டமா இல்லையா என்பது அவர்கள் சொல்வதைவிட, கேட்பதில்தான் தெரியும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவையே எடையைக் கூட்டக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா? உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா? பித்தப்பைக் கல்? கண்ணில் சர்க்கரை பாதிப்பு? கர்ப்பம், தாய்ப்பால், குழந்தைக்குத் திட்டம்? சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம், மனச்சோர்வு? இவற்றில் ஒவ்வொன்றும் மருந்தையே மாற்றிவிடும், சில நேரம் மருந்தே வேண்டாம் என்று ஆக்கிவிடும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ஈரல், கொழுப்பு, தைராய்டுக்கு டிஎஸ்எச். இவை சாதாரண லேபிலேயே எடுக்கக்கூடியவை. பிரஷரும் எடையும் யாராவது நேரில் அளந்ததாக இருக்க வேண்டும். தைராய்டு குறைந்து எடை கூடியவருக்குத் தைராய்டு மாத்திரைதான் முதல் வைத்தியம்.

அப்புறம், "உங்க மருந்தை யாருக்கெல்லாம் கொடுக்க மாட்டீங்க?" என்று நீங்களும் கேளுங்கள். நல்ல மருத்துவர் மடமடவென்று நாலைந்து பேரைச் சொல்லுவார். "எல்லாருக்கும் சேரும், பயப்படாதீங்க" என்று பதில் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம்தான் பாதுகாப்பான இடம்.

"15 நாள்ல 10 கிலோ, குறையலேன்னா பணம் வாபஸ்"னு விளம்பரம் வருது. மூலிகைதானே, என்ன ஆகிடப் போகுது?

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில், இந்த நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரமே செய்யக் கூடாது என ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் உடல் பருமனும் உண்டு. விளம்பரத்திலேயே சட்டத்தை மதிக்காதவர் டப்பாவுக்குள் என்ன போடுகிறார் என்பதில் ஒழுங்காக இருப்பார் என்று எப்படி நம்புவது?

சிபுட்ரமின் என்றொரு பசியடக்கும் மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவது தெரிந்ததும் 2010இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள், 2011இல் இந்தியாவில் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் பல நாடுகளில் 'இயற்கை' என்று விற்ற மெலியும் மாத்திரைகளில் அது கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. மூலிகைப் பொடி சாப்பிட்டதும் பசியே இல்லாமல் போய், படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள். வேகத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதே நிதானமான கணக்கு.

ஊசி போட்டா நிஜமாவே எவ்வளவு குறையும்?

இரண்டு மருந்துகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். செமாகுளூடைட் (வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது), டிர்செபடைட் (மவுஞ்சாரோ, 2025 மார்ச்). இரண்டும் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடுபவை. பசியைக் குறைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். 2021இல் வெளியான ஆய்வில் செமாகுளூடைட் போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஊசி போடப்பட்டவர்கள் இழந்தது 2.4 சதவீதம். டிர்செபடைடின் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். இரண்டிலுமே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கூடவே இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் வேலை என்பதைக் கவனியுங்கள். மருந்தும் அடிமட்ட அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்: செமாகுளூடைட் 0.25 மில்லிகிராம், டிர்செபடைட் 2.5 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு. அப்புறம் படிப்படியாக ஏற்ற வேண்டும். சீக்கிரம் குறைய வேண்டும் என்று முதல் வாரமே பெரிய அளவை எழுதிய சீட்டைப் பார்த்தால் உங்கள் மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

நிறுத்தினா எல்லாம் திரும்ப ஏறிடுமாமே?

பெரும்பாலும் ஏறும். மேலே சொன்ன செமாகுளூடைட் ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது போலத்தான்.

அதனால் சேரும் முன்பே, "எத்தனை மாதம்? நிறுத்தும்போது எப்படி நிறுத்துவீர்கள்? அதற்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகும். நம் வீட்டுத் தட்டில் சோறு அதிகம், புரதம் குறைவு. பசியும் குறைந்தால் முதலில் விடுபடுவது பருப்பும் முட்டையும்தான். ஊசி எழுதிவிட்டு முட்டை, பயறு, மீன், தயிர் பற்றியும், தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி பற்றியும் பேசாத திட்டம் பாதி வேலைதான் செய்கிறது.

வாந்தி நிக்கல. ஆப்ல கேட்டா "இது நார்மல்"னு சாட்ல பதில் வருது. நம்பலாமா?

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பேதி எல்லாம் தொடக்கத்திலும் அளவு ஏற்றும்போதும் பலருக்கு வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால், எண்ணெயைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவுகிறது, கண் மஞ்சளாகிறது, பார்வை மங்குகிறது என்றால் இது சாட் செய்யும் நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேவைப்பட்டால் 108ஐக் கூப்பிடுங்கள், ஊசி போடுவதைச் சொல்லுங்கள். கணைய அழற்சியும் பித்தப்பைப் பிரச்சினையும் இந்த மருந்துகளோடு வரக்கூடியவை.

பதில் சொல்வது மருத்துவரா, எந்திரமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பணம் கட்டும் முன், ராத்திரி வேளையில் அவசரம் என்றால் எந்த எண் என்று கேட்டு, அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்தே பார்த்துவிடுங்கள்.

எனக்குச் சுகர் இருக்கு, கிளிமிபிரைடு சாப்பிடுறேன். ஊசியையும் சேர்த்துப் போடலாமா?

உங்கள் சுகர் டாக்டருக்குத் தெரியாமல் கூடாது. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் ஊசியையும் சேர்த்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். பழைய மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு இருந்தால் கண் பரிசோதனையும் முதலில் செய்துகொள்ளுங்கள்.

ஊசி கூரியர்ல வந்துச்சு, ஐஸ் பேக் உருகி வெந்நீர் மாதிரி இருந்தது. போடலாமா?

போடாதீர்கள். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில வாரங்கள் 30 டிகிரி வரை தாங்கும் என்று பெட்டியில் இருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் 30 டிகிரியா இருக்கும்? மறுபக்கம், ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதும் வீண்தான். படம் எடுத்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

பெட்டி முத்திரை உடையாமல் இருக்கிறதா, பெட்டியிலும் மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா, அந்த எண் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளூடைட் பற்றி எச்சரித்தது; பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் அவை பிடிபட்டிருந்தன. இந்தியாவில் செமாகுளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதால் பல உள்நாட்டுக் கம்பெனிகளும் தயாரிப்பில் இறங்கின. விலை குறைவு என்பதாலேயே போலி என்று நினைக்க வேண்டாம். பில் இல்லாமல் விற்றால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவுல இருக்கிற அண்ணன் ஒரு குப்பி கொடுத்துவிட்டார். அங்க ஆன்லைன்ல வாங்கினதாம்.

அங்கே கம்பெனி மருந்து தட்டுப்பாடாக இருந்த காலத்தில், மருந்தகங்களே கலந்து தயாரித்த குப்பிகளை ஆன்லைன் நிறுவனங்கள் விற்றன. அவற்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்து அனுமதித்ததில்லை. யூனிட், மில்லிலிட்டர், மில்லிகிராம் மூன்றையும் குழப்பிக்கொண்டு சிலர் 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாகப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதாக 2024 ஜூலையில் அதே அமைப்பு எச்சரித்தது. அண்ணனுடைய அக்கறை உண்மையானதுதான். குப்பியை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

ரெண்டு மாசத்துல கல்யாணம். அதுக்குள்ள குறைச்சுட்டு நிறுத்திடலாமா?

இரண்டு மாதம் என்பது அளவை ஏற்றி முடிக்கவே போதாது. தவிர, குழந்தைக்கு முயலும் முன் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தியிருக்க வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடியது. தொடங்கிய நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகு நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு வழியும் வேண்டும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கும் பெண்களுக்கு எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கவும் செய்யலாம். கல்யாணப் பெண்ணிடம் இதையெல்லாம் பேசாமல் ஊசி எழுதுவது பெரிய தவறு.

ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டினா பாதி விலைங்கிறாங்க. கட்டலாமா?

முதல் மாதம் மட்டும் கட்டுங்கள். ஊசி ஒத்துக்கொள்ளுமா என்பதே அந்த மாதத்தில்தான் தெரியும். மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே முழுப் பணம் வாங்கினால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. கட்டணத்தில் மருந்து சேர்ந்ததா, பரிசோதனை சேர்ந்ததா, இஎம்ஐ என்றால் யார் பெயரில் கடன், தானாகப் பணம் பிடிப்பதை எப்படி நிறுத்துவது என்று எழுத்தில் வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.

காசு அவ்வளவா இல்லக்கா. இலவசமா வழி இருக்கா?

இருக்கிறது. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சர்க்கரை நோய்ப் பிரிவில் பரிசோதனையும் சேர்த்தே நடக்கும். விலையுயர்ந்த ஊசி அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஐந்தாவது கேள்வியில் சொன்ன பரிசோதனைகளை அங்கேயே முடித்துவிட்டு, பிறகு ஊசி தேவையா என்று முடிவு செய்யலாம்.

ஒரு டாக்டர் வேண்டாம்னுட்டார். இன்னொரு ஆப்ல எடையைக் கூட்டிப் போட்டா கிடைச்சிடும். போட்டா என்ன?

இப்படிக் கேட்பவர்கள் குறைவில்லை, அவர்கள் படும் வேதனையும் எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் மறுத்தது எடையைப் பார்த்து மட்டும்தானா? கணையமோ, தைராய்டோ, பித்தப்பையோ காரணமாக இருந்தால், எண்ணை மாற்றிப் போடுவதால் அந்த ஆபத்து மாறாது. ஏன் மறுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் முதல் மருத்துவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். பொய் எடையை அப்படியே ஏற்றுக்கொண்டு, வீடியோவில்கூட உங்களைப் பார்க்காமல் மருந்து அனுப்பும் திட்டம், நாளைக்கு நீங்கள் வாந்தியெடுக்கும்போதும் உங்களைப் பார்க்காது.

நான் ஏற்கெனவே மூணு மாசமா ஒரு ஆப்ல இருக்கேன். இதையெல்லாம் படிச்சுப் பயமா இருக்கு. விட்டுடவா?

உடம்பு நன்றாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். அவர்களிடமிருந்து மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், எந்தத் தேதியில் எந்த அளவு போட்டீர்கள் என்ற விவரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவரின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். அப்புறம் அந்தத் தாள்களோடு உங்கள் ஊரில் ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ ஒருமுறை நேரில் பாருங்கள். தொடரலாம் என்று அவர் சொன்னால் தொடருங்கள். சுகருக்கும் சேர்த்தே இந்த ஊசியைப் போடுபவர்கள், அவரைப் பார்க்கும் வரை நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் ஏதாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும் என்பதால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.